பைன் ஊசியிலையைச் சோதனைக்கு அனுப்புவது எப்படி? நியூசிலாந்தில் தோப்போடு நிலம் வாங்கியவர்களுக்கு

ஆக்லாந்துக்கு வடக்கே ஏழெட்டு ஏக்கர் நிலம் வாங்கும் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் வீட்டோடு சேர்த்து ஒரு பைன் தோப்பும் வந்துவிடுகிறது. முந்தைய உரிமையாளர் நட்டுவிட்டுப் போனதாக இருக்கும். முதல் இரண்டு வருடம் நாம் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அப்புறம் ஒருநாள் வேலியோரம் நடக்கும்போது, பக்கத்து நிலத்து மரம் நம் மரத்தைவிட இரண்டு ஆள் உயரம் கூடுதலாக நிற்பது கண்ணில் படும். அன்றைக்குத் தொடங்கும் கவலை.

ஊரில் வயல் பார்த்து வளர்ந்த எனக்கு ஒரே ஒரு வைத்தியம்தான் தெரிந்திருந்தது. பயிர் வெளுத்தால் யூரியா போடு. நானும் மூன்று மூட்டை வாங்கி மரத்தடியில் வீசினேன். மரம் அசையவில்லை. தோப்புக்குள் இருந்த மஞ்சள் பூ முட்புதர், இங்கே கோர்ஸ் என்பார்கள், அதுதான் இடுப்பு உயரத்திலிருந்து தோள் உயரத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஊசியிலையைச் சோதனைக்கு அனுப்பியபோதுதான் தெரிந்தது, குறை யூரியா தரும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) இல்லை, மணிச்சத்தில் (பாஸ்பரஸ்). அதை முதலிலேயே செய்திருந்தால் மூன்று மூட்டைக் காசும் முட்புதர் வெட்டிய கூலியும் மிச்சமாகியிருக்கும்.

அந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அறிக்கையில் வரும் எண்ணைப் படிப்பது சுலபம். இலையைச் சரியாகப் பறிப்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

முதலில், இந்த மரம் எந்த ஊர்க்காரர்?

தோப்பில் நிற்பது அநேகமாக ரேடியாட்டா பைனாக இருக்கும். நியூசிலாந்தில் வளர்ப்புக் காடுகளில் பத்துக்கு ஒன்பது பங்கு இந்த மரம்தான். ஆனால் இதன் சொந்த ஊர் மிகச் சிறியது. கலிபோர்னியாக் கடற்கரையில் மூன்று இடங்கள், மெக்சிகோவைச் சேர்ந்த குவாடலூப், செட்ரோஸ் என்ற இரண்டு தீவுகள், அவ்வளவே. அங்கே குளிர்காலத்தில் மழை, கோடையில் கடல் மூடுபனி. மரமும் அங்கே பெரிய அழகன் இல்லை, கோணல்மாணலாகத்தான் நிற்கும்.

1850களில் நியூசிலாந்துக்கு வந்த பிறகு இதன் கதை மாறியது. சொந்த ஊரில் பார்க்காத மழை, பார்க்காத வேகம். 25, 30 வருடத்தில் அறுவடைக்குத் தயாராகிறது. இவ்வளவு வேகமாக வளரும் மரம் மண்ணிடம் அதே வேகத்தில் கேட்கும். கொடுக்க மண்ணிடம் இருக்க வேண்டுமே? வடக்கே காவ்ரி (kauri) என்ற உள்ளூர்ப் பெருமரங்கள் ஆயிரக்கணக்கான வருடம் நின்று, சத்தெல்லாம் கழுவிப் போன களிமண். வடக்குத் தீவின் நடுப்பகுதியில் எரிமலை கக்கிய நுரைக்கல் மண். மேற்குக் கரையில் மணல்மேடு. ஒவ்வொரு மண்ணிலும் ஒவ்வொரு சத்து இல்லை. உள்ளூர் மரங்கள் மெதுவாக வளர்ந்து அந்தக் குறையை மறைத்துக்கொள்ளும். வெளியூர் மரம் அதை வெட்டவெளிச்சமாக்கிவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. பைன் மரம் தனியாகச் சாப்பிடாது. அதன் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைதான் மண்ணிலிருந்து மணிச்சத்தை எடுத்துக் கொடுக்கிறது. விதையை மட்டும் கொண்டுபோய்ப் புது நாட்டில் போட்டால் பூஞ்சை கூட வராது. போர்ட்டோ ரிக்கோவில் பைன் கன்றுகள் திரும்பத் திரும்பச் செத்தன. 1955இல் அமெரிக்காவின் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகுதான் பிழைத்தன. மேற்கு ஆஸ்திரேலிய நாற்றங்கால்களிலும் 1920களில் இதே பாடுதான். நியூசிலாந்தில் இப்போது அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. இலையுதிர் காலத்தில் உங்கள் தோப்புக்குள் போய்ப் பாருங்கள். சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த காளான் நின்றால் அதுவும் பைனின் கூட்டாளிப் பூஞ்சைதான். வெளியூரிலிருந்து மரத்தோடு வந்தது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் விஷம். பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

மாசி, பங்குனியில் மட்டும்

இலை பறிக்க ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச். அதிகபட்சம் ஏப்ரல் தொடக்கம் வரை போகலாம். நம் கணக்கில் மாசியும் பங்குனியும். இங்கே அது கோடையின் கடைசி. அந்த வருட ஊசி முழுதாக நீண்டு முடிந்திருக்கும், உள்ளே சத்துகளின் அளவு ஓரளவு நிலையாக நிற்கும். வசந்தத்தில் பறித்தால் மரம் பழைய ஊசியிலிருந்து புதுக் கொழுந்துக்குச் சத்தை மாற்றிக்கொண்டிருக்கும். அப்போது கிடைக்கும் எண்ணை எதனோடும் ஒப்பிட முடியாது.

ஐரோப்பிய, வட அமெரிக்கக் கையேடுகளில் ஊசியிலை மரத்தைக் குளிர்காலத்தில், மரம் உறங்கும்போது பறிக்கச் சொல்லியிருப்பார்கள். அது அந்த ஊர் மரத்துக்கும் அந்த ஊர் அட்டவணைக்கும். இங்குள்ள அட்டவணை கோடைக் கடைசி இலையை வைத்துப் போடப்பட்டது. இரண்டையும் கலக்க வேண்டாம்.

எந்த மரம்

முதலில் தோப்பை மண்ணை வைத்துப் பிரியுங்கள். மேட்டில் நிற்பது ஒரு கூறு, பள்ளத்தில் நிற்பது ஒரு கூறு. இரண்டையும் ஒரே பையில் போட்டால் சராசரி வரும், உண்மை வராது. ஒவ்வொரு கூறிலும் 20 மரமாவது வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக நடந்து எடுங்கள், வண்டி நிறுத்திய இடத்தைச் சுற்றியே பறிக்காதீர்கள்.

நல்ல வெயில் படும், வரிசையில் ஓங்கி நிற்கும் மரங்களாக இருக்கட்டும். நிழலில் நசுங்கியது வேண்டாம். மாடு அடைத்த பழைய பட்டி, சுண்ணாம்புக்கல் போட்ட பாதையோரம், துத்தநாகம் பூசிய கம்பிவேலிக்கு அடியில் நிற்கும் மரம், இவற்றையும் விட்டுவிடுங்கள். ஒரு மூலை மட்டும் மோசமாக இருந்தால் அங்கிருந்து தனிப்பையில் எடுங்கள். நல்ல மூலையும் கெட்ட மூலையும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அறிக்கையாக வந்தால், எந்த அட்டவணையையும்விட அது தெளிவாகப் பேசும்.

எடுத்த மரத்தில் பெயிண்டால் ஒரு பட்டை அடித்துவிடுங்கள். ஏன் என்பது பிறகு.

எந்த ஊசி

பெரும்பாலும் தவறு நடக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மரத்தின் பச்சைத் தலையை மூன்று பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். மேல் பங்கில் வெயில் விழும் பக்கத்தில் ஒரு கிளை. அது தண்டிலிருந்து கிளம்பிய முதல் கிளை. அதிலிருந்து பக்கவாட்டில் பிரியும் சிறு கிளைதான் நமக்கு வேண்டும், மகன் கிளை இல்லை, பேரன் கிளை. அந்தப் பேரன் கிளையில் இந்த வருடம் வந்த, முழு நீளம் எட்டிய ஊசிகளைப் பறிக்க வேண்டும். மரத்தின் உச்சிக் குருத்தைத் தொடக் கூடாது.

இந்த வருட ஊசி எது என்று எப்படித் தெரியும்? சில பைன் வகைகளில் வருடத்துக்கு ஒரு கிளை அடுக்கு, எண்ணிவிடலாம். ரேடியாட்டா அப்படி இல்லை. ஒரே வருடத்தில் இரண்டு மூன்று அடுக்கு போடும். அடுக்கை எண்ணி நான் முதல் தடவை ஏமாந்தேன். அதனால் குச்சியைப் பாருங்கள். இந்த வருடக் குச்சி வெளிர் நிறத்தில் மென்மையாக, விரலால் வளைத்தால் வளையும். போன வருடக் குச்சி பழுப்பேறி, செதில் செதிலாகச் சொரசொரக்கும். ஊசியின் பச்சையும் அங்கே ஒரு சாயல் மங்கும். அந்த எல்லைக்கு வெளிப்புறம் இருப்பதுதான் நமக்கு.

ஊசிகள் மும்மூன்றாகக் கொத்தாக இருக்கும், அடியில் ஒரு சின்ன உறை. கொத்தோடு பிடித்துக் கிளையின் அடிப்பக்கமாக இழுத்தால் சட்டென்று வந்துவிடும். கையில் பிசின் ஒட்டும், வாசனை மாலை வரை போகாது. ஒரு மரத்துக்குச் சில கொத்து போதும். 20 மரத்துக்கும் சேர்த்து இரண்டு கைப்பிடி வந்தால் ஆய்வகத்துக்குத் தாராளம்.

இளமரம் என்றால் நின்றபடியே பறிக்கலாம். கொஞ்சம் உயர்ந்தது என்றால் நீளக் கழியில் கட்டிய கத்தரி. அதற்கும் மேலே? இங்கே காட்டு வேலைக்காரர்கள் கிளையைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துகிறார்கள். கேலி இல்லை, நிஜமாகவே அதுதான் வழக்கமான முறை. உரிமம் இல்லாத நாம் ஆளை வைத்துச் செய்துகொள்வதுதான் நல்லது. ஏணி போட்டு ஏறுவதை மட்டும் நினைக்கவே வேண்டாம்.

பையில் போடும்போது

காகிதப் பை. பிளாஸ்டிக் கூடாது. வெள்ளிக்கிழமை மதியம் பிளாஸ்டிக் பையில் கட்டித் தபாலில் போட்டேன், சனி ஞாயிறு எங்கோ கிடந்து, திங்கள் போய்ச் சேரும்போது பூசணம் பூத்திருந்தது. மறுபடியும் கழி, மறுபடியும் மேடு. திங்கள் அல்லது செவ்வாய் பறித்து அன்றைக்கே அனுப்புங்கள். பையின் மேல் பென்சிலால் கூறின் பெயர், தேதி, மரத்தின் வயது.

நுண்ணூட்டங்களின் அளவு பத்து லட்சத்தில் சில பங்குதான், அதனால் சின்ன அழுக்கும் கணக்கைக் கெடுக்கும். இந்த ஊர் வெயிலுக்கு எல்லாரும் பூசும் சன்ஸ்கிரீனில் பலவற்றில் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது. பூசிய கையோடு பறித்தால் துத்தநாகம் அபாரமாக இருப்பதாக அறிக்கை வரும். கையைக் கழுவிவிட்டுப் போங்கள், ரப்பர் கையுறையும் வேண்டாம். அதேபோல, ஊசியில் சிவப்புப் பட்டை விழும் டோத்திஸ்ட்ரோமா நோய்க்கு இங்கே தாமிர மருந்தை வானூர்தியிலிருந்து தெளிப்பார்கள். பக்கத்துத் தோட்டத்தில் தெளித்திருந்தால்கூட உங்கள் மரத்துத் தாமிர எண்ணை நம்ப முடியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆய்வகத்திடம் ரேடியாட்டா பைன் என்று எழுதிக் கொடுங்கள். தழை, மணி, சாம்பல் (பொட்டாசியம்), சுண்ணாம்பு (கால்சியம்), மக்னீசியம், போரான், தாமிரம், துத்தநாகம், மாங்கனீசு, இந்த ஒன்பதும் கேட்டால் போதும்.

அறிக்கை வந்ததும்

கீழே ஒவ்வொரு சத்துக்கும் முதல் எண் குறைவுக்கான எல்லை, இரண்டாவது எண் போதும் என்பதற்கான எல்லை. நடுவில் விழுந்தால் விளிம்பில் இருக்கிறது என்று பொருள். நியூசிலாந்தில் ரேடியாட்டாவுக்கு வழக்கமாக வைத்துப் பார்க்கும் அளவுகள் இவை, எல்லாம் உலர்ந்த ஊசியின் எடையில்:

தழைச்சத்து: 1.2%, 1.5%
மணிச்சத்து: 0.12%, 0.14%
சாம்பல் சத்து: 0.3%, 0.5%
மக்னீசியம்: 0.07%, 0.10%
சுண்ணாம்புச் சத்து: 0.10% இருந்தால் போதும்
போரான்: 8, 12 பிபிஎம்
தாமிரம்: 2, 4 பிபிஎம்
துத்தநாகம்: 10, 20 பிபிஎம்
மாங்கனீசு: 10, 20 பிபிஎம்

சில ஆய்வகங்கள் விழுக்காட்டுக்குப் பதில் கிலோவுக்கு இத்தனை கிராம் என்று தரும். 0.12% என்பது கிலோவுக்கு 1.2 கிராம். அதைத் தழைச்சத்தின் 1.2% என்று வாசித்துவிடாதீர்கள். பிபிஎம் என்பதும் கிலோவுக்கு மில்லிகிராம் என்பதும் ஒன்றே.

எண்ணைத் தனியாகப் பார்க்காமல் மரத்தையும் பாருங்கள். மணிச்சத்துக் குறைந்த மரம் பளிச்சென்று மஞ்சளாகாது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். ஊசி குட்டையாக, மங்கிய பச்சையாக இருக்கும். பழைய ஊசி சீக்கிரம் உதிர்ந்து தலை சல்லடையாகத் தெரியும், வானம் ஊடாகப் பார்க்கலாம். ஆக்லாந்தை ஒட்டிய ரிவர்ஹெட் காட்டில் 1920களிலும் 30களிலும் நட்ட மரங்கள் இப்படித்தான் களிமண்ணில் முடங்கிக் கிடந்தன. 1950களில் வானூர்தியிலிருந்து சூப்பர் பாஸ்பேட் தூவிய பிறகு அதே மரங்கள் எழுந்து வளர்ந்தன. வடக்கே களிமண்ணில் நிலம் வாங்கியவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். தழைச்சத்து எண் மணிச்சத்து எண்ணைப் போல் சுமார் 10 மடங்கு இருப்பது ஆரோக்கியம். என் அறிக்கையில் அது 16 மடங்கு. அந்த மரத்துக்குப் போய் யூரியா போட்டேன்.

மணல்மேட்டில் நிலைமை தலைகீழ், அங்கே தழைச்சத்துதான் இல்லை. அதற்காக மஞ்சள் பூ லூபின் செடியைத் தூவிவிட்டு, அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்க, அதன் நடுவே பைன் நடுவார்கள். அந்த லூபினும் கலிபோர்னியாக்காரர்தான், ஒரே ஊர்க்காரர்கள் வெளியூரில் கைகொடுத்துக்கொண்ட மாதிரி. 1980களின் கடைசியில் லூபினுக்கு ஒரு பூஞ்சை நோய் வந்து அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. பிறகு உரமூட்டை தேவைப்பட்டது.

நுரைக்கல் மண்ணில் மக்னீசியம். வசந்தத்தில் ஊசியின் நுனி மட்டும் தங்க மஞ்சளாகி, அடி பச்சையாகவே நிற்கும். பெரிய மரத்தில் தலையின் மேல்நடுப் பகுதி மஞ்சளடிக்கும். பார்த்தே ஓரளவு அடையாளம் சொல்லிவிடக்கூடிய குறை இது.

நெல்சன் பக்கம் மூட்டரே சரளை மண்ணில் போரான். வறண்ட கோடைக்குப் பின் உச்சிக் குருத்து கொக்கி போல வளைந்து கருகிச் சாகும். பக்கக் கிளைகள் போட்டி போட்டு எழுந்து மரம் புதராகிவிடும். பைனுக்குள் போரான் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எளிதில் நகராது, அதனால் பழைய ஊசி பச்சையாக இருக்கக் கொழுந்து மட்டும் சாகும். தழை, மணி, மக்னீசியம் மூன்றும் நகரக்கூடியவை, அவை குறைந்தால் மரம் பழைய ஊசியைப் பிழிந்து கொழுந்துக்குக் கொடுக்கும். முதலில் வாடுவது பழசா, புதுசா என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

துத்தநாகக் குறையைத் தெற்கு ஆஸ்திரேலியாவில்தான் அதிகம் பேசுவார்கள், உச்சி மொட்டுகள் பூச்செண்டு போலக் குவிந்து தலை தட்டையாகும். தாமிரம் குறைந்தால் தண்டும் கிளையும் பாம்பு போல முறுக்கிக்கொள்ளும்.

எல்லாச் சத்தும் போதுமென்று வந்து, மரம் மட்டும் மஞ்சளாக இருந்தால்? நோயைத் தேடுங்கள். சைக்ளனியூஸ்மா என்ற பூஞ்சை வசந்தத்தில் ஒரு வயது ஊசிகளை மஞ்சள் பழுப்பாக்கி உதிர்த்துவிடும். தூரத்திலிருந்து பார்க்க அச்சு அசலாகச் சத்துக்குறை போலவே இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் ஊசி முழுக்கச் சீராக வெளுக்காமல் திட்டுத் திட்டாக இருக்கும்.

உரம் வாங்கும்போது ஒரு பொறி

நம் ஊர் மூட்டையில் மணிச்சத்தை பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்குப் போட்டு அச்சிடுவார்கள். டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) என்றால் 18:46, முதல் எண் தழை, அடுத்தது மணி. இங்கே வெறும் பாஸ்பரஸாக எழுதுவார்கள், அதே டிஏபி மூட்டையில் 18, 20 என்று இருக்கும். கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், சரக்கு ஒன்றுதான். இங்கத்து சூப்பர் பாஸ்பேட்டில் பாஸ்பரஸ் சுமார் 9%. ஹெக்டேருக்கு 50 கிலோ பாஸ்பரஸ் போடச் சொன்னால், 50ஐ 0.09ஆல் வகுக்க வேண்டும், சுமார் 555 கிலோ உரம். இந்தக் கணக்கைப் போடாமல் 50 கிலோ மூட்டை ஒன்றைத் தூவிவிட்டு மரத்தைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும்.

உரத்துக்கு முன்னால் களை. முட்புதரை வெட்டாமல் போட்டால் என் கதைதான். போரானில் கை தாராளம் கூடாது, போதும் என்பதற்கும் விஷம் என்பதற்கும் இடைவெளி குறைவு. சீக்கிரம் கரையும் போராக்ஸைவிட மெதுவாகக் கரையும் உலெக்சைட் பாதுகாப்பு. ஓடையோரம் எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்பதை உள்ளூர்க் கவுன்சிலிடம் கேட்டுவிடுங்கள். பெருமழைக்கு முந்தைய நாள் எதையும் தூவாதீர்கள்.

கொடைக்கானலில் நிற்கும் பட்டூலா பைனோ, இலங்கை மலைநாட்டில் நட்ட கரிபியா பைனோ வைத்திருக்கும் உறவினர்கள் இந்த அட்டவணையைக் கேட்டால், பறிக்கும் ஒழுங்கை மட்டும் சொல்லுங்கள், எண்களைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மரத்துக்கும் அளவு வேறு. உங்கள் தோப்பிலேயே டக்ளஸ் ஃபர் என்ற வேறு ஊசியிலை மரம் கலந்து நின்றாலும் அதைத் தனிப்பையில்தான் போட வேண்டும்.

சரி, பெயிண்ட் பட்டை. உரம் போட்ட பிறகு அடுத்த மாசியில், பட்டை அடித்த அதே மரங்களில், அதே உயரத்தில், அதே பக்கத்தில் மறுபடி பறிப்பதற்குத்தான். வேறு மரத்தில் பறித்தால் எண் மாறியது உரத்தாலா, மரத்தாலா என்று தெரியாது. மூன்று நான்கு மரங்களுக்கு உரம் போடாமல் விட்டு, அவற்றுக்கு வேறு நிறத்தில் பட்டை அடித்து வையுங்கள். நான் வெள்ளை பெயிண்ட் அடித்தேன். மரப்பாசி அதன் மேல் படர்ந்து அடுத்த வருடம் தேடியலைந்தேன். நீங்கள் ஆரஞ்சு வாங்குங்கள்.